ஒரு நிமிடத்தில் வெளுக்கும் திசு

அரசு முகாமுக்குச் சென்ற தம் தாயாருக்குச் செவிலியர் கருப்பை வாயில் வினிகரைத் தடவிப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்ததாகவும், இது ஏழைகளுக்கென்று ஒப்பேற்றிய வைத்தியமோ என்று தமக்கு ஐயம் எழுந்ததாகவும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தச் சோதனையின் பின்னால் இருக்கும் உயிரணு அறிவியல், கோடி ரூபாய் ஸ்கேன் கருவியின் பின்னால் இருப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

முதலில் சுமையின் அளவைப் பார்த்துவிடலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 9.2 லட்சம் பேர் இறந்தனர். எண்ணிக்கையில் முன்னால் நிற்பவை மார்பகம், வாய், கருப்பை வாய் ஆகிய மூன்றும். வாய்ப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் புகையிலை. அதிலும் புகைப்பதைவிட மெல்லுவதே இங்கு அதிகம். 2016-17இல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தியது தெரியவந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயோ ஏறத்தாழ முழுக்க முழுக்க ஒரு வைரஸால், அதாவது எச்.பி.வி.யால் வருவது. ஆண்டுக்கு சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு வந்து, 80,000 பேரின் உயிரைக் குடிக்கும் இந்த நோய், தொற்றிலிருந்து புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அத்தனை நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சிலவே.

இனி வினிகருக்கு வருவோம். கருப்பை வாயின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் திசு, செங்கல் அடுக்கியதுபோலப் பல அடுக்குகளால் ஆனது. அடித்தட்டில் பிறக்கும் உயிரணு பெரிய உட்கருவுடன் சுறுசுறுப்பாகப் பிரிகிறது. அங்கிருந்து மேல்தட்டுக்கு நகர நகர, பிரிவதை நிறுத்திக்கொண்டு, உட்கருவைச் சுருக்கி, உடலை விரித்து, உள்ளே கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை நிரப்பிக்கொண்டு தட்டையாகிவிடுகிறது. நலமான திசுவின் மேற்பரப்பில் இருப்பவை இப்படி ஓய்வுபெற்ற உயிரணுக்களே.

வைரஸுக்கு இந்த ஓய்வு பிடிக்காது. அதற்குச் சொந்தமாக மரபணுவைப் படியெடுக்கும் முழு இயந்திரம் கிடையாது. உயிரணு பிரியும்போது இயக்குகிற இயந்திரத்தைத்தான் அது கடன் வாங்க வேண்டும். ஆகவே இ7 என்ற தன் புரதத்தால், உயிரணுவின் பிரிவுக்குத் தடை போடும் புரதத்தை முடக்குகிறது. இ6 என்ற இன்னொன்றால், கோளாறான உயிரணுவைத் தற்கொலைக்குத் தூண்டும் பி53 காவலாளியை அழித்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் இத்தொற்றை ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடும். விரட்ட முடியாமல் போனவர்களிடம், மேல்தட்டு வரைக்கும் பெரிய உட்கருவும் நெருக்கமான புரதமும் கொண்ட, பிரிவதை நிறுத்தாத உயிரணுக்கள் திரளத் தொடங்குகின்றன. வெறும் கண்ணுக்கு அந்த இடமும் மற்ற இடத்தைப் போலவே இளஞ்சிவப்பாகத்தான் தெரியும்.

செவிலியர் 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில், நனைத்த பஞ்சை அங்கே ஒற்றி எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருக்கிறார். அமிலம் உயிரணுக்களுக்குள் ஊறி, புரதங்களைத் தற்காலிகமாகத் திரளச் செய்கிறது. எலுமிச்சைச் சாறு விழுந்த பால் திரிவதற்கு மிக நெருங்கிய உறவு இது. திரண்ட புரதம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும்; சிதறிய ஒளி அடியிலுள்ள இரத்தக் குழாய்களின் சிவப்பை எட்டாமலே திரும்பிவிடுவதால், அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. புரதம் குறைந்த நலமான உயிரணுக்கள் நிறம் மாறுவதில்லை. இளஞ்சிவப்புப் பரப்பின் நடுவே, விளிம்பு தெளிந்த ஒரு வெள்ளைத் தீவு மெல்ல எழுந்து, சில நிமிடங்களில் மங்கிப் போகிறது. எந்தச் சாயமும் ஏற்றாமல், பல்லாண்டுகளாக ஒளிந்திருந்த வைரஸின் கைவரிசையை ஒளியின் சிதறலே காட்டிக்கொடுக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. ஒரே ஒரு முறை சோதித்து, வெளுத்த இடத்தை உறைய வைத்து அழித்ததால், நோய் வருவது 25 விழுக்காடும் அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் இதே வினிகர் சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்பதையும், வைரஸின் மரபணுவைத் தேடும் எச்.பி.வி. சோதனை அங்கே இறப்பைப் பாதியாக்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. வெறும் அழற்சியும்கூட வெளுக்கும். பார்ப்பவரின் கண் பழக்கத்தைப் பொறுத்து முடிவும் மாறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ, உயிரணு மாற்றம் நிகழும் பகுதியே கருப்பை வாயின் உட்குழலுக்குள் ஏறிவிடுவதால், வினிகர் தடவியும் பார்க்க இடமிருக்காது. இக்காரணங்களால்தான் உலக சுகாதார அமைப்பு 2021 முதல் எச்.பி.வி. சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது.

நம் கொள்கை ஏட்டளவில் குறைசொல்ல முடியாதது. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1975இலேயே தொடங்கியது. 30 வயது கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2016இல் வந்தது. எச்.பி.வி.க்கு எதிரான உள்நாட்டுத் தடுப்பூசியான செர்வாவாக் 2023இல் விற்பனைக்கு வந்தது. நடைமுறையோ வேறு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு; முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டிலேயே 9.8 விழுக்காடுதான். கதிர்வீச்சுக் கருவியைத் திறந்து வைக்க ரிப்பன் வெட்டுகிறோம்; அசிட்டிக் அமிலப் புட்டிக்கு யாரும் ரிப்பன் கட்டுவதில்லை. செவிலியரின் பயிற்சிக்கும், வெளுத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று பின்தொடர்வதற்கும் ஆகும் செலவே இதில் மிகப் பயனுள்ள செலவு என்பது என் கருத்து. இந்நோயை முன்வினைப் பயன் என்றும் நடத்தைக் கேடு என்றும் பேசும் வாய்கள், முகாம் வாசல்வரை வந்த பெண்ணையும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பாலுறவு வாழ்வில் ஈடுபடும் பெரும்பாலானோரை எப்போதாவது ஒருமுறை தொற்றிவிடும் இந்த வைரஸ், யாருடைய ஒழுக்கத்தையும் விசாரித்துவிட்டு வருவதில்லை.

வாசகியின் கடிதத்தில் பின்குறிப்பாக இன்னொரு கேள்வியும் இருந்தது: வினிகரைக் குடித்தால் புற்று கரையுமா? கரையாது, குடித்த வினிகர் போய்ச் சேரும் வயிற்றில், அதைவிடப் பன்மடங்கு கடுமையான அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. தடவினாலும் அது எதையும் அழிப்பதில்லை. இருக்கும் இடத்தைக் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. அழிப்பதற்கு, சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கிய சிறு முனையை அந்த வெள்ளைத் தீவின்மேல் அரை நிமிடம்போல் வைக்கும் முறை இன்று இருக்கிறது. கருப்பை வாயில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் குறைவென்பதால் மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மின்கலத்தில் இயங்கும் கையடக்கக் கருவியே போதும்.