லினக்ஸ் சர்வருக்கு வைரஸ் வராது என்பவர்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் சிறு நிறுவனங்களின் மெயில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில், 'எங்களுடையது லினக்ஸ்தானே, அதற்கு எதற்கு வைரஸ் ஸ்கேன்?' என்ற கேள்வியைச் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் பொறுமை எனக்குத் தீர்ந்துவிட்டது. அண்மையில் ஒரு முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில், வழக்கமாகக் கொள்முதல் செய்பவரின் பெயரில் வந்த இன்வாய்ஸைக் கணக்குப் பிரிவினர் விண்டோஸ் கணினியில் திறந்தார்கள். மாலைக்குள் கணக்குக் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. லினக்ஸ் சர்வருக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. வந்ததை உரியவரிடம் பிசகாமல் சேர்த்திருந்தது, அவ்வளவுதான்.

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்திப் பார்ப்பது சாவடிக் கட்டடத்தைக் காப்பதற்காக அன்று. மெயில் சர்வரில் செய்யும் ஸ்கேனும் அப்படித்தான். அது சர்வருக்காக அன்று, அஞ்சலைத் திறக்கப்போகிறவரின் கணினிக்காக. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ் விண்டோஸில் மட்டுமே இயங்கக்கூடிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்). அதைச் சுமந்து சென்ற சர்வர்களில் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் ஓடும் சர்வர்களும் இருந்தன. அவை நோயுறவில்லை, ஆனால் நோயைக் கடத்தின. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது மனத்தில் இருத்துங்கள்.

மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸுடன், வைரஸ் ஸ்கேனரான க்ளாம்ஏவியை மில்டர் என்ற அஞ்சல் வடிகட்டி வழியாக இணைப்பது கடினமன்று. கடினம் அதன் பிறகுதான். வைரஸ் அடையாளத் தரவு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும் க்ளாம்டி (பின்னணியில் ஓடும் க்ளாம்ஏவியின் ஸ்கேன் நிரல்) ஒரு ஜிபிக்கு மேல் பிடிக்கிறது. தரவைப் புதுப்பிக்கும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருப்பதால் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மாத வாடகை குறைவு என்று ஒரு ஜிபி நினைவகமுள்ள சர்வரை எடுப்பவர்களிடம், நிரல் அடிக்கடி பாதியில் நிறுத்தப்படுவதற்கு நினைவகப் பற்றாக்குறையே காரணம், க்ளாம்ஏவி அன்று என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இதைவிட மோசமானது அடுத்த படி. மில்டர் பதிலளிக்காதபோது அஞ்சலைத் தற்காலிகமாகத் திருப்பி, பிறகு மீண்டும் அனுப்பச் சொல்வதே போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு. மெயில் தாமதமாகிறது என்ற புகார் வந்தவுடன் அதை 'அப்படியே ஏற்றுக்கொள்' என்று மாற்றிவிடுகிறார்கள். பிறகு க்ளாம்டி விழுந்து கிடக்கும் வேளையிலும் எல்லாம் சோதனையின்றி உள்ளே போகும், யாருக்கும் தெரியாது.

வைரஸ் கண்ட அஞ்சலை எஸ்எம்டிபி உரையாடலின்போதே, அதாவது அனுப்பும் சர்வர் அதை ஒப்படைக்கும் வேளையிலேயே, மறுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்ட பின் அனுப்புநருக்குத் திருப்பினால், அந்த முகவரி பெரும்பாலும் போலியாக இருப்பதால், சம்பந்தமில்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். சர்வரின் உள்ளிருந்தே சென்ட்மெயில் என்ற அஞ்சல் அனுப்பும் கட்டளையால் போகும் அஞ்சலுக்கு மில்டரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் பலர் விட்டுவிடும் இடம்.

வைரஸ் அடையாளத் தரவைப் புதுப்பிக்கும் ஃப்ரெஷ்க்ளாம் நிரலின் பதிவுக் கோப்பைப் பாருங்கள். ஆதரவு முடிந்த பழைய க்ளாம்ஏவி பதிப்புகளுக்குப் புதிய தரவு மறுக்கப்படுகிறது, ஆயினும் சேவை ஓடுவதாகவே காட்டும். கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பின் உள்ளே ஸ்கேனரால் பார்க்க முடியாது. அத்தகையவற்றையும் மேக்ரோ (ஆவணத்துக்குள் பொதிந்த சிறு நிரல்) உள்ள ஆவணங்களையும் எச்சரிக்கையாகக் கருதும் அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும், அதை இயக்குங்கள். நிறுவி முடித்ததும் 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற ஐகார் சோதனைக் கோப்பை (ஸ்கேனர்கள் வைரஸாகவே காட்டும் கோப்பு) வெளி முகவரியிலிருந்து அனுப்பிப் பாருங்கள். அது பெட்டிக்கு வந்து சேர்ந்தால் உங்கள் சர்வரில் ஸ்கேன் நடக்கவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்த பின்பு வாடிக்கையாளரிடம் வேலை முடிந்ததாகச் சொல்லுங்கள்.