மரியாதை: ஒரு சொல், மூன்று மொழிகள்

மரியாதை வடசொல். 'மர்யாதா' என்பதற்கு எல்லை, கரை என்பன அடிப்படைப் பொருள்கள். கடக்கக் கூடாத எல்லை என்பதிலிருந்தே முறை, ஒழுங்கு, தகுந்த நடத்தை என்னும் பொருள்கள் கிளைத்தன. 'மாலா' மாலையானதுபோல் ஈற்று ஆகாரம் ஐகாரமாகித் தமிழில் மரியாதை ஆயிற்று. இன்று நமக்கு அது பெரும்பாலும் பிறருக்குக் காட்டும் மதிப்பு. 'மரியாதையாகப் போய்விடு' என்னும் அதட்டலில்தான் பழைய எல்லைப் பொருள் தெரிகிறது.

1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு போகாமல் சென்னை மாநிலத்தில் சேர்ந்த செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கடந்து புனலூர்ப் பக்கம் போனால், அதே சொல் மலையாளத்தில் ஒழுங்கான நடத்தையைக் குறிக்கும். பிள்ளையிடம் 'மரியாதைக்கு இரி' என்றால் அடங்கி உட்கார் என்பதே பொருள். மதிப்புக்கு அங்கே 'பஹுமானம்' என்பார்கள். அதுவே நம்மிடம் வெகுமானமாகிப் பரிசுப் பொருளாய்விட்டது. ஆந்திர எல்லைத் தெலுங்கில் விருந்தினரைக் கவனிப்பதும் மரியாதைதான்.

சொல் மட்டுமன்று, வழக்கமும் எல்லையில் மாறுகிறது. தமிழில் 'நீங்கள்' என்று விளித்து 'வாருங்கள்' என்று வினையையும் உயர்த்திவிட்டால் பணிவு நிறைந்துவிடும். மலையாள வினைமுற்றில் நான், நீ, அவர் என்று இடங்காட்டும் விகுதி இல்லையாதலால், பணிவின் சுமை பெரிதும் விளிச்சொல்லின் மேல் விழுகிறது. ஆனால் நம் 'நீங்கள்' போன்ற 'நிங்ஙள்' கேரளத்தில் பலவிடங்களில் மூத்தவர் காதுக்குத் துடுக்காகவே படும். அதனால் 'சேட்டன் எங்கே போகிறார்?' என்று அவரிடமே படர்க்கையில் கேட்கிறார்கள், அல்லது 'சார்' என்று முடித்துக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் 'நிங்ஙள்' என்று பேசிவிட்டு, எதிரில் இருப்பவர் முகம் ஏன் சுருங்கியது என்று விழிப்பவர்கள் உண்டு.

இனி, மரியாதைக்கு ஈடான தமிழ்ச் சொல். எல்லா இடத்திலும் 'மதிப்பு' என்று பெயர்த்துவிடுவது எனக்கு உடன்பாடன்று; மதிப்பு உள்ளத்தில் இருப்பது, மரியாதை வெளியே செய்வது. பேச்சுக்கும் நடத்தைக்கும் பணிவு, பண்பு என்பன பொருந்தும். தகுதியறிந்து செய்யும் சிறப்புக்கு, அதாவது கோயிலில் பரிவட்டம் கட்டி முதலில் திருநீறு தரும் மரியாதைக்கு, 'வரிசை' என்ற பழஞ்சொல்லே நேரானது. புறநானூற்றின் 121ஆம் பாட்டில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியிடம் 'வரிசை அறிதலோ அரிதே' என்கிறார். அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் தரமறிந்து கொடுப்பதே கடினம் என்பது கருத்து. இன்று ரேஷன் கடை வாசலில் நிற்பதையே அச்சொல் முதலில் நினைவூட்டினாலும், திருமண வீட்டுச் சீர்வரிசையில் பழைய பொருளோடு அது புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது.