டெக்நாமன்: ஓநாய்க்குள் ஒளிந்திருக்கும் அஞ்சனக்கல்

டெக்நாமன் ஜெர்மன் சொல். 'டெக்கன்' என்றால் மூடுதல், போர்த்துதல். கூரை வேய்வதற்கும் அதே வினைதான். 'நாமெ' என்றால் பெயர். நாம் வடமொழி வழியாகப் பெற்ற 'நாமம்' அதற்கு உறவுச் சொல். டெக்நாமெ ஒருமை, டெக்நாமன் பன்மை. இன்றைய ஜெர்மனில் உளவாளியின் மாற்றுப்பெயருக்கும் இதுவே சொல். ரசவாத வரலாற்றை ஆராய்பவர்கள் இதைக் கலைச்சொல்லாக்கிக்கொண்டார்கள்: ஒரு சரக்கின் உண்மைப் பெயரை மூடி, அதன் மேல் இட்ட வேறு பெயர். 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ரசவாதப் படங்களில் வரும் அரசன், அரசி, சிங்கம், ஓநாய் பலவும் இப்படிப்பட்ட பெயர்களுக்கு வரைந்த உருவங்கள்.

தமிழில் இதையெல்லாம் 'குறியீடு' என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்தாது. கவிதைக் குறியீடு பல பொருளுக்கு இடம் தரும். இன்னதுதான் என்று யாரும் அறுதியிட வேண்டியதில்லை. டெக்நாமனை அவிழ்த்தால் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், போடக்கூடிய சரக்கு ஒன்று கையில் வர வேண்டும்.

சாம்பல் நிற ஓநாயைப் பாருங்கள். பேசில் வாலன்டைன் என்ற துறவியின் பெயரில் 1599-இல் வந்த ரசவாத நூலின் முதல் 'திறவுகோல்' (அதிகாரம்), பசி கொண்ட ஓநாய்க்கு அரசனின் உடலைப் போடு, அது தின்றபின் பெருந்தீயில் ஓநாயை எரி, இதை மூன்று முறை செய் என்கிறது. 1618-இல் வந்த செப்புத்தகட்டுப் படத்தில் நடுவே அரசனும் அரசியும் நிற்கிறார்கள். அரசியின் கையில் மூன்று பூ. ஒரு பக்கம் நெருப்பில் வைத்த மூசையைத் தாண்டிப் பாய்கிறது ஓநாய். மறுபக்கம் அரிவாளோடு கிழவர் சனி. அவர்கள் கணக்கில் சனியின் உலோகம் ஈயம், சூரியனின் உலோகம் தங்கம், அரசன் தங்கம். ஓநாய் சனியின் பிள்ளை என்று நூல் சொல்வதால், ஈயத்துக்கு உறவாக அன்று கருதப்பட்ட ஒரு சரக்கைத் தேட வேண்டும். அது அஞ்சனக்கல்: ஆன்டிமணி என்ற தனிமமும் கந்தகமும் சேர்ந்த சாம்பல் நிறக் கனிமம், கண்ணுக்கு இடும் சுருமாவின் மூலப்பொருள்.

இதை உலையில் வைத்தே சரிபார்க்கலாம். அஞ்சனக்கல் ஏறக்குறைய 550 டிகிரி செல்சியஸில் உருகும். மாற்று குறைந்த தங்கத்தை அதில் இட்டு உருக்கினால், கலந்திருக்கும் வெள்ளியும் செம்பும் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கும். தங்கம் ஆன்டிமணியோடு கலந்து அடியில் இறங்கும். ஆறியபின் மூசையை உடைத்து அடிக்கட்டியை மட்டும் எடுத்துத் துருத்தி ஊதினால் ஆன்டிமணி வெண்புகையாகப் போய்விடும், தங்கம் மிஞ்சும். ஓநாய் எரிந்தது, அரசன் எழுந்தான். 1617-இல் ஜெர்மனியின் ஓப்பன்ஹைமில் ரசவாதி மிகேல் மையர் வெளியிட்ட 50 படங்களில் 24-ஆவது இதே காட்சிதான்: முன்னே ஓநாய் அரசனைத் தின்கிறது, பின்னே எரியும் ஓநாயிலிருந்து அரசன் நடந்து வருகிறான்.

'மூன்று முறை' என்பதும் அலங்காரம் அல்ல. வேதியியல் கணக்குப்படி 100 கிராம் வெள்ளியைப் பிரிக்க 52 கிராம் அஞ்சனக்கல் வேண்டும்; 100 கிராம் செம்புக்கு 89 கிராம். குறைந்தால் வெள்ளி தங்கத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் புதிய அஞ்சனக்கல்லோடு திரும்பத் திரும்ப உருக்குகிறார்கள். கடைசி ஊதலில் அவசரப்பட்டால் புகையோடு தங்கமும் கொஞ்சம் போகும். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய சிறிதளவு ஆன்டிமணியே போதும், சுத்தியல் பட்டதும் தங்கம் விரிசல் விட்டு உடையும். புகை நஞ்சு.

தமிழில் என்ன சொல்வது? 'புனைபெயர்' எழுத்தாளருக்கு உரியது. (வாலன்டைன் என்ற துறவி இருந்ததற்கே சான்றில்லை, 'பேசில்' என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல் 'பசிலெயுஸ்' என்றால் அரசன். ஆக, நூலாசிரியர் பெயரையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.) நன்னூல் சொல்லும் குழூஉக்குறி இன்னும் அருகில் வருகிறது, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரைகாரர் தரும் உதாரணம். ஆனால் பறி அந்தக் குழுவில் எல்லோருக்கும் பொன்தான். டெக்நாமன் நூலுக்கு நூல் மாறும். அந்த வகையில் மிக நெருங்கியது சித்தர் நூல்களின் பரிபாஷை. வடமொழி இலக்கணத்தில் பரிபாஷை விளக்கும் விதியைக் குறிக்கும். சித்த மருத்துவத்தில் அதுவே மறைக்கும் மொழிக்குப் பெயரானது.

ஆகவே அந்த மொழி முழுமைக்கும் 'பரிபாஷை', தனித்தனிப் பெயருக்கு 'மறைபெயர்' என்று வைத்துக்கொள்வதே சரி. 'சாம்பல் ஓநாய், வாலன்டைன் நூலில் அஞ்சனக்கல்லின் மறைபெயர்' என்று எழுதலாம். நூலின் பெயரை விட்டுவிடக் கூடாது. பச்சைச் சிங்கம் ஒருவரிடம் அன்னபேதி (இரும்பின் பச்சை உப்பு), இன்னொருவரிடம் அஞ்சனக்கல்.