காட்டுத் தீயைத் தடுக்க ஊருக்கும் உரிமை உண்டு: ‘சி’ படிவத்தைக் கேளுங்கள்

மாசி, பங்குனியில் ஜவ்வாது மலைச் சரிவுகளில் சருகும் புல்லும் காய்ந்து கிடக்கும்போது, அணைக்காமல் வீசிய ஒரு பீடித் துண்டு போதும். தீ மூண்டால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுபவர்கள் மலை ஊர்க்காரர்கள். அந்தக் காட்டைக் காக்கவும், எரிந்தால் மீட்கவும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அவர்களுக்கே உரிமை தருகிறது. இதன் பெயர் சமூக வன வள உரிமை.

பீஞ்சமந்தை, அல்லேரி போன்ற மலைப்பகுதிகளில் வாழும் மலையாளி இன மக்கள் இதைக் கோரலாம். பழங்குடியினர் பட்டியலில் இவ்வினத்துக்கு எதிரே இன்றும் ‘வட ஆற்காடு’ என்ற பழைய மாவட்டப் பெயரே இருக்கிறது. மாவட்டம் பிரிந்ததால் உரிமை போகாது. மற்றவர்கள் என்றால், 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும்.

உழும் நிலத்துக்கு ‘ஏ’ படிவம். தேன், கடுக்காய், மேய்ச்சல் போன்ற பொது உரிமைகளுக்கு ‘பி’. ஊர் வழிவழியாகப் புழங்கும் காடு முழுவதையும் காத்து நிர்வகிக்க ‘சி’. அது வனத்துறையின் காப்புக்காடாக (அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காடாக) இருந்தாலும் கோரலாம். நிலப் பட்டாவோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ‘சி’ படிவத்தை விட்டுவிடக் கூடாது.

கிராம சபை முதலில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சான்று ஏதேனும் இரண்டு போதும்: பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், சாமி மரம், சுடுகாடு, மேய்ச்சல் தடம் எல்லாம் செல்லும். செயற்கைக்கோள் படம் இல்லை என்பதற்காக மனுவைத் தள்ள முடியாது. சபையின் தீர்மானம் கோட்டாட்சியர் தலைமையிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கும் போகும்.

உரிமை கிடைத்ததும் கிராம சபை ஒரு குழு அமைத்துக் காட்டுக்கான மேலாண்மைத் திட்டம் எழுதலாம். தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி சருகும் புல்லும் நீக்கிய வெற்றுப் பட்டை) எங்கே, கோடை தொடங்குமுன் அங்கே சருகை யார் கூட்டி ஒதுக்குவது, கண்காணிப்பு யார் முறை என எல்லாம் அதில் வர வேண்டும். எரிந்த இடத்தில் உடனே குழி தோண்டி நட வேண்டியதில்லை. இந்த வறண்ட காட்டு மரங்களில் பல, மழை பெய்ததும் வேரிலிருந்தே துளிர்க்கும். அந்தத் துளிரை ஆடு கடித்துவிட்டால் மரம் எழும்பாது. ஆகவே சில பருவங்களுக்கு மேய்ச்சலை மாற்றி விடுவதும், உண்ணிச்செடிப் புதர் அடைத்துக்கொள்ளாமல் களைவதும்தான் முதல் வேலை. துளிரே இல்லாத திட்டுகளில் மட்டும் நெல்லி, வேங்கை, புளி நடலாம்.

உரிமை வரும்வரை தீக்கோடு வெட்டுவதை வனத்துறையோடு சேர்ந்தே செய்யுங்கள். எதிர்த்தீ வைப்பதை, அதாவது வரும் தீயை நிறுத்த அதற்கு எதிரே நாமே தீ மூட்டுவதை, ஒருபோதும் நீங்களாகச் செய்யாதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிந்தால், செயற்கைக்கோள் கண்டறியும் தீ பற்றிக் குறுஞ்செய்தி வரும்.

கிராம சபையின் முடிவில் குறை இருந்தால் 60 நாள்களுக்குள் கோட்டாட்சியர் குழுவிடம் மனு செய்யலாம். அந்தக் குழுவின் முடிவை எதிர்த்து ஆட்சியர் குழுவிடம் செல்லவும் அதே 60 நாள்தான்.