பத்தரை மணிக்கு வரும் செயற்கைக்கோள்

1988 மார்ச் 17 அன்று சோவியத் ஒன்றியத்தின் பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்டது ஐஆர்எஸ்-1ஏ. பாஸ்கரா சோதனைக்கோள்களுக்குப் பிறகு, முழுப் பயன்பாட்டுக்கென இந்தியா அனுப்பிய முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள், அதாவது விண்ணிலிருந்து பூமியைப் படமெடுக்கும் கோள், அதுதான். சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் 103 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. வடக்கிலிருந்து தெற்கே இறங்கி நிலநடுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம், அதற்கு நேர்கீழே உள்ள இடத்தில் காலை பத்தரை மணி வாக்கில் இருக்கும். ஜனவரியிலும் பத்தரை, ஜூலையிலும் பத்தரை.

இந்த நேரந்தவறாமை வீண் பெருமைக்காக அல்ல. ஒரு நெல்வயலை இன்று காலையிலும் மூன்று வாரம் கழித்து மாலையிலும் படமெடுத்தால், நிறம் மாறியது பயிராலா வெயிலாலா என்று பிரித்தறிவது கடினம். நேரம் ஒன்றாக இருந்தால் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் மேல் அங்கே இருக்கிறது. செயற்கைக்கோள் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 3.8 மீட்டர் கீழே விழுகிறது. அதே நொடியில் 7.4 கிலோமீட்டர் பக்கவாட்டில் பாய்ந்துவிடுகிறது. அந்தத் தூரத்துக்குப் பாதையும் அதே 3.8 மீட்டர்தான் வளைகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தரை நெருங்குவதில்லை.

பூமி பிசிறில்லாத உருண்டையாக இருந்திருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். சுற்றுப்பாதையின் தளம், அதாவது அந்தப் பாதை அமைந்திருக்கும் தட்டையான பரப்பு, விண்மீன்களைப் பொறுத்து அசையாமல் நின்றிருக்கும். ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறதே! மூன்று மாதத்தில் அது கால்வட்டம் நகர்ந்துவிடும். பத்தரை மணிக்கு வந்த செயற்கைக்கோள் அதிகாலை நாலரை மணி இருட்டில் வந்து நிற்கும்.

அப்படி ஆகாமல் காப்பது பூமியின் தொப்பை. தன்னைத்தானே சுற்றுவதால் பூமி இடுப்பில் பருத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. இந்த 21 கிலோமீட்டர் பருமன், நிலநடுக்கோட்டை நெருங்கும் செயற்கைக்கோளைத் தன் பக்கம் சற்றே கூடுதலாக இழுக்கிறது. அதனால் அது கடக்க வேண்டிய புள்ளிக்குக் கொஞ்சம் முன்னதாகவே கோட்டைக் கடந்துவிடுகிறது. கிழக்குப் பக்கம் சாய்ந்து செல்லும் செயற்கைக்கோளுக்கு, முன்னதாகக் கடப்பது என்றால் மேற்கே தள்ளிக் கடப்பது. அதனால்தான் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பாதைத் தளம் நாளொன்றுக்கு சுமார் 5 டிகிரி மேற்கே திரும்புகிறது. மேற்குப் பக்கம் சாய்ந்து செல்லும் செயற்கைக்கோளுக்கோ தளம் கிழக்கே திரும்பும். நமக்கு வேண்டியதும் அதுதான், ஆனால் அளவோடு வேண்டும். வருடத்துக்கு ஒரு முழுவட்டம், அதாவது நாளொன்றுக்கு 0.9856 டிகிரி. 900 கிலோமீட்டர் உயரத்தில் பாதையை நிலநடுக்கோட்டிலிருந்து 99 டிகிரி சாய்த்து வைத்தால் அந்த அளவு அச்சாகக் கிடைக்கிறது. இதற்குச் சூரிய ஒத்திசைவுப் பாதை என்று பெயர். தளத்தைத் திருப்ப ஒரு சொட்டு எரிபொருள்கூடச் செலவாவதில்லை என்பதை முதன்முதலில் படித்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. 99 டிகிரி என்றால் ராக்கெட் தெற்கே, கொஞ்சம் மேற்காகவும் சாய்ந்து போக வேண்டும். பூமிச் சுழற்சியின் உதவி கிடைக்காது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராகப் போனால் இலங்கை குறுக்கே வரும். ஆகவே பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே கடல்மேல் சென்று, பிறகு வளைந்து தன் பாதையைப் பிடிக்கிறது. அந்த வளைவுக்கு ஆகும் எரிபொருளால் சுமக்கும் எடை குறைகிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பெரிய இழப்பு. எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகளுக்காகத் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தை இஸ்ரோ தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதற்காரணம். 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது, தெற்கே கடல்தான்.