விடுதலை நாளே, தன்னாட்சி நாள் அன்று

ஆகஸ்ட் 15 நெருங்கும்போது வெளிநாட்டுத் தமிழ் அமைப்புகள் சிலவற்றின் அழைப்பிதழ்கள் எனக்கும் வந்து சேரும். அன்று காலையில் இந்தியத் தூதரகத்தில் கொடியேற்றம், விடுமுறை கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் கலை நிகழ்ச்சியும் மதிய உணவும் என்று நிரல் அமைந்திருக்கும். நியூயார்க்கில் 1981 முதல் நடந்துவரும் இந்திய நாள் அணிவகுப்பும் இப்படி ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வைப்பதுதான். பிழைப்புக்காகப் போன ஊரிலும் தாய்நாட்டை மறவாதவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இவ்வாண்டு வந்த ஓர் அழைப்பிதழின் தலைப்பு 'இந்தியத் தன்னாட்சி நாள் விழா' என்று இருந்தது. இந்தத் தொடரை நான் காண்பது இது மூன்றாவது முறை. இனியும் பேசாமல் இருந்தால் அது வழக்காகவே நிலைத்துவிடும்.

முதலில் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சுதந்திரம் வடசொல், 'ஸ்வ' என்றால் தன், 'தந்திரம்' என்றால் ஒழுங்கு அல்லது ஆளுகை. தமிழில் இச்சொல்லுக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. அறுவடைக் களத்தில் ஊர்ப் பணியாளர்களுக்கு வழிவழியாக அளந்து கொடுத்த தானியப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். விவிலியத் தமிழில் 'சுதந்தரித்தல்' என்பது உரிமைப் பங்காக அடைவதைக் குறிக்கிறது. நாட்டைக் குறிக்கும் பொருள் ஓங்கியது விடுதலைப் போராட்டக் காலத்தில்தான். விடுதலை என்பது 'விடு' என்னும் வினையடியில் பிறந்த தமிழ்ச் சொல். அறம், பொருள், இன்பம், வீடு என்பதில் வரும் வீடும் அதே வேரில் கிளைத்ததே. பாரதியார் சுதந்திரம், விடுதலை என்னும் இரண்டையும் தயக்கமின்றி ஆண்டார்.

தனித்தமிழ் ஆர்வத்தால் 'சுதந்திரம்' என்பதை விலக்க நினைப்பவரோடு எனக்குப் பிணக்கு இல்லை. நானும் எழுத்தில் விலக்குகிறவன்தான். விலக்கியபின் அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். தன்னாட்சி என்ற சொல்லுக்கு இன்றைய தமிழில் திட்டமான பொருள் உண்டு. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுக்கிறது, தேர்வைத் தானே நடத்துகிறது. ஆயினும் பட்டத்தை வழங்குவது அதற்கு மேலே உள்ள பல்கலைக்கழகம். மேலே ஒரு தலைமை இருக்க, அதன் கீழ் ஓரளவு உரிமையோடு இயங்குவதே தன்னாட்சி. இந்தச் சொல்லை ஆகஸ்ட் 15க்குச் சூட்டினால், இன்னமும் இலண்டனின் குடைக்கீழ் இருப்பதாக நாமே ஒப்புக்கொள்வதாகும்.

வரலாற்றை நோக்கினால் பிழை இன்னும் பெரிதாகிறது. 1916இல் திலகரும் அன்னி பெசன்ட் அம்மையாரும் தனித்தனியே இயக்கம் தொடங்கிக் கேட்டது தன்னாட்சி. அது பேரரசுக்குள் இருந்துகொண்டே நம்மை நாம் ஆளும் உரிமை. 1928இன் மோதிலால் நேரு அறிக்கை கேட்ட டொமினியன் தகுதியும், அதாவது பிரிட்டிஷ் முடியை ஏற்றுக்கொண்டு தன்னைத் தானே ஆளும் நாடு என்ற தகுதியும், அந்த வகையைச் சேர்ந்ததே. அது போதாது, முழு விடுதலையே வேண்டும் என்று 1929 டிசம்பரில் இலாகூர் காங்கிரஸ் முடிவு செய்தது. 1930 ஜனவரி 26 நாடெங்கும் விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. போராடியவர்கள் போதாதென்று ஒதுக்கிய ஒன்றின் பெயரை, அவர்கள் பெற்றுத் தந்த நாளுக்கு நாம் இடலாமா?

1947 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியனாகத்தானே இருந்தது, ஆகவே தன்னாட்சி என்பது சரிதானே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அந்த டொமினியனை உருவாக்கிய பிரிட்டிஷ் சட்டத்துக்கே இந்திய விடுதலைச் சட்டம் என்றுதான் பெயர். அரசியலமைப்பை நம் விருப்பப்படி எழுதிக்கொள்ளும் முழு உரிமையும் அன்றே வந்துவிட்டது.

சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். 1959இல் அதற்குக் கிடைத்தது தன்னாட்சி. வெளியுறவும் பாதுகாப்பும் பிரிட்டனிடமே இருந்தன. 1963இல் மலேசியாவோடு இணைந்து, 1965 ஆகஸ்ட் 9இல் அதிலிருந்து பிரிந்து அது தனிநாடானது. இரண்டையும் தன்னாட்சி என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர் இடைப்பட்ட ஆறாண்டு வரலாற்றை எந்தச் சொல்லால் சொல்வார்? அந்நாட்டவர் அந்த நாளைத் தேசிய தினம் என்கிறார்கள். அதைச் சுதந்திர தினம் என்று நம் செய்தியாளர்கள் மாற்றுவதும் தவறு. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் அவசரமே இத்தனைக்கும் காரணம்.

விடுதலை என்றால் சிறைக்கதவு நினைவுக்கு வருகிறது, யாரோ மனமிரங்கித் திறந்துவிட்டதுபோல் தொனிக்கிறது என்பது மற்றொரு தடை. அடிமைப்பட்டுக் கிடந்த நாடு தளையிலிருந்து நீங்கியதைச் சொல்ல அந்த நினைவு வருவதே பொருத்தம் என்பேன். மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்ட் 31இல் கோலாலம்பூர் அரங்கில் அதன் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை முழங்கிய 'மெர்டேக்கா' (விடுதலை) என்ற மலாய்ச் சொல்லும் இப்படிப்பட்டதே. வடமொழியில் செல்வமும் வலிமையும் உடையவனைக் குறித்த 'மஹர்த்திக' என்ற சொல், மலாய், இந்தோனேசியத் தீவுகளுக்குப் போய், அடிமைத்தளை நீங்கியவனைக் குறிக்கலாயிற்று. டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோருக்கு மர்டைக்கர் என்று பெயர். அந்தச் சொல்லை ஒரு நாடே பெருமையோடு உயர்த்திப் பிடித்தது.

ஆகவே அழைப்பிதழ் அச்சிடுவோர் 'இந்திய விடுதலை நாள்' என்று எழுதட்டும். 'தினம் தினம்' என்று அன்றாடத்தைக் குறித்துப் பழகிய சொல்லைவிட 'நாள்' இங்கே தெளிவாகவும் இருக்கிறது. மலேசியாவுக்கும் விடுதலை நாளே பொருந்தும். சிங்கப்பூருக்குத் தேசிய நாள் என்க. பேச்சில் சுதந்திர தினம் என்பவரைத் திருத்த வேண்டியதில்லை. அச்சொல் பழையதேயன்றிப் பொருளில் பிழையானது அன்று.