வாஷர்தானே என்று விட்டுவிடாதீர்கள்

விமான அசெம்பிளி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் ஸ்பேசரையும் (போல்ட்டைச் சுற்றி வைக்கும் சிறு குழாய்) வாஷரையும் (நட்டின் அடியில் வைக்கும் தட்டை வளையம்) இடைவெளியை அடைக்கும் துண்டுகளாகவே பார்க்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது நஹா விபத்தைப் பற்றித்தான்.

2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் ஒகினாவாவில், நஹா விமான நிலையத்தில் தரையிறங்கி நின்ற சைனா ஏர்லைன்ஸின் போயிங் 737-800 தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த 165 பேரும் உயிர் தப்பினார்கள். இறக்கையின் முன்விளிம்பில் நீண்டு சுருங்கும் ஸ்லாட் என்ற பலகையைத் தாங்கி அதனுடன் நகரும் டிராக்கில், ஒரு போல்ட்டுக்கு இருக்க வேண்டிய வாஷர் இல்லை. அங்கே துளையைவிட நட் சிறியது. துளை வழியே அது நழுவாமல் தடுக்க வாஷரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. போல்ட் கழன்று உள்ளே விழுந்தது. தரையிறங்கியபின் ஸ்லாட்டை உள்ளிழுத்தபோது டிராக் அந்தப் போல்ட்டை நெட்டித் தள்ள, எரிபொருள் தொட்டியில் ஓட்டை விழுந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த நட் தளராமல் இருக்கப் பராமரிப்பு வேலை செய்திருந்தார்கள். வாஷர் அப்போதே விழுந்திருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு கருதியது. நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

ஸ்பேசரும் அப்படித்தான். தேன்கூட்டு நடுப்பகுதி கொண்ட பேனலில் போல்ட்டை இறுக்கும்போது, அந்த அழுத்தத்தைத் தாங்குவது ஸ்பேசர். நீளம் கொஞ்சம் குறைந்தாலும் பேனல் நசுங்கும். கூடினால் பேனல் பிடிப்பில்லாமல் ஆடும்.

எடையைக் குறைக்க வேண்டும் என்றதும் அலுமினியத்தை நாடுகிறோம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் சுமார் 4.4, எஃகு 7.8. ஆனால் அலுமினியம் கார்பன் ஃபைபரைத் தொட்டுக்கொண்டிருந்து ஈரமும் சேர்ந்தால் அரித்துப்போகும். கொஞ்சம் எடை கூடினாலும் அங்கே டைட்டானியம் போடுவது அதனால்தான். அந்த டைட்டானியத்தின் மேல் காட்மியம் பூசிய வாஷரை வைப்பதும் தவறு. சூடான இடத்தில் காட்மியம் டைட்டானியத்தை நொறுங்க வைக்கும்.

டார்க்கை, அதாவது இறுக்கும் திருகு விசையை, அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டிவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது; மற்றதெல்லாம் உராய்வுக்கே போகிறது. வாஷரின் பூச்சு மாறினாலோ, ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலோ, அதே டார்க்கில் பிடிப்பு வேறாகிவிடும். ஆகவே கைக்குக் கிடைத்ததைப் போட்டுச் சரிக்கட்டாமல், பார்ட் நம்பரைப் பார்த்து எடுங்கள்.

வேலை முடிந்ததும் தட்டில் ஒரு வாஷர் மிஞ்சியிருந்தால், அது எந்த இடத்துக்குரியது என்று தெரியும்வரை பேனலை மூடாதீர்கள். கண்ணுக்கு எட்டாத இடமென்றால் கண்ணாடியோ போரோஸ்கோப்போ (இடுக்கினுள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கருவி) வைத்துப் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள்.